பாவம் மட்டும் பொதுவாம்!

1

மதங்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் பூமியின்மேல் பாசம் பொங்கிய ஆண்டு 2015. ஜூனில் போப் பிரான்சிசின் 'லவ்தாத்தோ சி' சுற்றுமடல் வந்தது. ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் கூடிய இஸ்லாமிய அறிஞர்கள் பருவநிலை மாற்றம் பற்றிப் பிரகடனம் செய்தார்கள். அக்டோபரில் பௌத்தத் தலைவர்களின் அறிக்கை. நவம்பரில் பூமிதேவிக்கு ஜே போட்டு இந்துத் தலைவர்களின் அறிக்கை. டிசம்பரில் பாரிசில் கூடிய உலக அரசுகளை நோக்கித்தான் இத்தனையும். ஒவ்வொன்றிலும் நல்ல வார்த்தைகள் உண்டு. பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குச் சூழல் கடன் பட்டிருக்கின்றன என்று போப்பின் மடல் சொன்னது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த அறிக்கைகள் கோயில் மேடைக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கும் இறங்கி வரும்போது மிஞ்சுவது ஒரே பல்லவிதான். நாம் எல்லோரும் இயற்கைக்குத் தீங்கு செய்துவிட்டோம், நாம் எல்லோரும் மனந்திரும்ப வேண்டும், ஆளுக்கொரு மரம் நட வேண்டும்.

அதே டிசம்பரில் சென்னை மூழ்கியது. தண்ணி வடிந்த பிறகு சேற்றையும் செத்த மாட்டையும் மலத்தையும் அள்ளுவதற்கு வெளி மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். பலருக்குக் கையுறை கிடையாது, காலுக்கு ஒன்றும் கிடையாது, படுக்க ஒழுங்கான இடம் கிடையாது. அவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாவம் செய்தது 'நாம் எல்லோரும்'. பீ அள்ளியது மட்டும் நாம்.

இந்தக் கட்டுரைக்கு வேறு கேள்வி இல்லை. பருவநிலை பற்றி மதம் பேசும்போது சொல்கிற அந்த 'நாம்' யார்? உலகத்து மக்களில் பணக்காரப் பத்து சதவீதம்தான் பாதிக் கரியமில வாயுவுக்குக் காரணம், ஏழைப் பாதி ஜனங்களின் பங்கு பத்தில் ஒன்றுதான் என்று ஆக்ஸ்பாம் அமைப்பு கணக்குப் போட்டுக் காட்டியதும் அந்த டிசம்பரில்தான். கணக்கு இருக்கிறது. கணக்கைப் படிக்கத்தான் சாமியார்களுக்கும் சாமிகளுக்கும் கண் வரவில்லை.

2

நான் எழுதுவது குன்னத்தூரிலிருந்து. வானம் பார்த்த சீமை இது. வடக்கே போனால் பவானித் தண்ணி பாயும் கோபிப் பக்கத்துப் பச்சை. கிழக்கே பெருந்துறை சிப்காட். தெற்கே ஊத்துக்குளி, அதையும் தாண்டினால் நொய்யல். தென்மேற்கே திருப்பூர். காலையில் பனியன் கம்பெனி வண்டி வந்து எங்கள் காலனிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறது, ராத்திரி கொண்டுவந்து கொட்டுகிறது. கோடையில் கம்பெனியிலும் தகரத்துக்குக் கீழே, வீட்டிலும் சிமெண்ட் அட்டைக்குக் கீழே. 2024 கோடையில் ஈரோடு தமிழ்நாட்டின் அதிக வெப்ப ஊர்களில் முன்வரிசையில் நின்றது. அந்த வெயிலை ஏசி அறையில் இருந்தவர் செய்தியாகப் படித்தார். அட்டை வீட்டில் இருந்தவள் முதுகில் படித்தாள்.

மழை பொய்த்தால் யார் மேல் பழி என்பதற்கு நம் கிராமத்து மதத்திடம் ஒரு பழைய சடங்கு உண்டு. கொடும்பாவி கட்டி இழுப்பது. வைக்கோலில் ஒரு உருவம் செய்து, பெரும்பாலும் பெண் உருவம், தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து ஒப்பாரி வைத்து, சுடுகாட்டில் கொளுத்துவார்கள். ஊரில் எவளோ ஒரு பாவி இருக்கிறாள், அவள் செத்தால் மழை வரும். இழுக்கிறவனும் பறையடிக்கிறவனும் பல ஊர்களில் நம் ஆள். பாவிக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, பட்டா கிடையாது. ஆகவே யாருக்கும் வழக்கு இல்லை, நட்டம் இல்லை. எங்கள் காலனியில் ஒரு கிழவி சொல்லுவாள்: "ஏங்கண்ணு, மழை பேயலீன்னா நம்மளப் பாவிங்கறாங்க. பேஞ்சா நம்ம ஊட்டுக்குள்ளதான் மொதல்ல வருது." பள்ளத்தில் மனை கொடுத்தவன் எவன் என்று எந்தச் சடங்கும் கேட்டதில்லை.

இதைப் பாமரச் சடங்கு என்று படித்தவர்கள் சிரிக்கலாம். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பாதிக்குமேல் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசே அறிவித்தது. பிறகு 2019. சென்னைக்குத் தண்ணி கொடுக்கும் ஏரிகள் காய்ந்து வெடித்தன. அரசு என்ன செய்தது? முக்கியக் கோயில்களில் மழை வேண்டி யாகமும் வருண ஜபமும் நடத்தச் சொல்லி இந்து அறநிலையத் துறை சுற்றறிக்கை அனுப்பியது. ஜூனில் அப்போதைய ஆளுங்கட்சி அமைச்சர்களும் கட்சிக்காரர்களும் கோயில் கோயிலாக உட்கார்ந்து யாகம் வளர்த்தார்கள். ஏரியைத் தூர்க்க அனுமதி கொடுத்த கையெழுத்தும், யாகத்தில் நெய் ஊற்றிய கையும் ஒரே அதிகாரத்தின் கைகள்தான். கொடும்பாவிக்கு வைக்கோல், யாகத்துக்கு நெய். இரண்டிலும் குற்றவாளியின் பெயர் மட்டும் எழுதப்படுவதில்லை.

3

பெயர் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு நொய்யலே சாட்சி.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக வந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு. புராணத்தில் இதற்குக் காஞ்சிமாநதி என்று பெயர். கரையில் பேரூர்ப் பட்டீசுவரர். இத்தனை புண்ணியமும் சாயத்தைத் தடுக்கவில்லை. 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை திறக்கப்பட்டது. பாசனத்துக்கென்று கட்டிய அணை சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுத் தொட்டியாகிவிட்டது. தண்ணி கேட்டு மனுப் போடும் விவசாயிகள் இந்தத் தண்ணியே வேண்டாம் என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

அணையிலிருந்து அதிக தூரமில்லை, காங்கயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலை. அங்கே முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. பக்தர் கனவில் முருகன் வந்து சொல்லும் பொருளை, பூப்போட்டுக் கேட்ட பிறகு அதில் வைப்பார்கள். வைத்த பொருள் நாட்டுக்கு வரப்போவதைச் சொல்லும் என்பது நம்பிக்கை. தண்ணியை வைத்தபோது சுனாமி வந்தது என்று இன்றும் பேசிக்கொள்வார்கள். நான் அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய வரவில்லை, எங்கள் தெருவிலும் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. நான் கேட்பது இது: மலைக்கு அருகிலேயே கிணறு கிணறாகத் தண்ணி உப்பாகி, தென்னை கருகி, மாடு வாய் வைக்காமல் திரும்பியதே, அதைவிடப் பெரிய உத்தரவு எந்தப் பெட்டிக்குள் வரவேண்டும்? அந்த உத்தரவைப் படித்து எந்த ஆதீனம், எந்தக் கட்டளைதாரர், எந்தத் திருப்பணிக் குழு சாயப்பட்டறைக்காரரின் நன்கொடையைத் திருப்பிக் கொடுத்தது? கும்பாபிஷேகத்துக்குத் தீர்த்தம் எடுக்கப் பவானிக் கூடுதுறைக்கும் கொடுமுடிக்கும் மேளதாளத்தோடு வண்டி போகிறது. காஞ்சிமாநதியில் ஒரு குடம் முகர்ந்து சாமி தலையில் ஊற்றுவார்களா?

ஆற்றைப் பற்றிப் பேசியது மதமல்ல, சட்டம். 1996 ஆகஸ்டில் வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் உச்சநீதிமன்றம், கெடுத்தவன்தான் ஈடு கட்ட வேண்டும் என்றது. அதன்படி அமைந்த ஆணையம் 2004-ல் நொய்யல் வடிநிலத்தில் 28,596 விவசாயிகளுக்கு 24.79 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. 2006 டிசம்பரில் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் கெடு வைத்தது. 2009-ல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நடக்காததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. கெடுத்தவன் கொடுக்கணும் என்ற இந்த ஒற்றை வாக்கியத்தை எந்த வேதமும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

ஆனால் தோழர்களே, சட்டத்தின் கணக்கையும் உற்றுப் பாருங்கள். 24.79 கோடியை 28,596 பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஒன்பதாயிரம்கூட வராது. அதுவும் யாருக்கு? நிலம் கெட்டவனுக்கு. மண்ணில் உப்பு இவ்வளவு, ஏக்கருக்கு இவ்வளவு. அந்த ஏக்கரில் நாற்று நட்டவள், களை எடுத்தவள், தென்னை ஏறியவன், அந்தக் கிணற்றுத் தண்ணியைக் குடித்து மாடு மேய்த்தவன், இவர்கள் அந்தக் கணக்கில் எந்த வரியில் இருக்கிறார்கள்? பட்டா இல்லாதவனுக்குப் பாதிப்பும் இல்லையாம். பட்டறை மூடியபோது வேலை போனவர்களிலும் நம் சனம், பட்டறை ஓடியபோது வெறுங்கையோடு சாயத்தில் நின்றவர்களிலும் நம் சனம். மூடினாலும் நம் தலை, திறந்தாலும் நம் தலை.

இப்போது பட்டறைகள் கழிவை வெளியே விடாமல் சுத்திகரிப்பதாகச் சொல்கின்றன. நல்லது. அந்தத் தண்ணியைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கக் கொதிகலனில் விறகும் கரியும் எரிகிறது. ஆத்துல விட்ட பாவத்தை ஆகாசத்துல விடறாங்க. மிஞ்சுகிற சாயச் சகதியை மூட்டை கட்டிச் சுமக்கிற கை யாருடையது என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

4

இந்தச் சீமையில் தண்ணிக்கும் சாதிக்கும் உள்ள உறவு பருவநிலை மாற்றத்துக்கு முந்தியது. மின்சார மோட்டார் வருவதற்கு முன் கொங்கு நாட்டுக் கிணறுகளில் கவலை இறைத்தார்கள். இரண்டு மாடு, வடக்கயிறு, தோலில் தைத்த பறி. பின்னால் இரும்புச் சால் வந்தபோதும் அதன் அடியில் தோல் தும்பி வேண்டியிருந்தது. தோலைப் பதனிட்டு, பறி தைத்து, கிழிந்தால் ஒட்டுப்போட்டுக் கொடுத்தவர் அருந்ததியர். விடியும் முன் மாட்டை ஓட்டி இறைத்தவனும் பல பண்ணையங்களில் அவரே. அவர் தைத்த தோல் கிணற்றுக்குள் இறங்கலாம். அவர் இறங்கக்கூடாது. அவர் தொட்ட பறி தண்ணியைத் தீட்டாக்கவில்லை, அவர் தொட்ட குடம் தீட்டாக்கியது. பண்ணாடி வீட்டு ஆள் மேலே நின்று ஊற்ற, கீழே கையேந்திக் குடித்தார்கள். மழை குறைந்து கிணறு வற்றினால் முதலில் நிறுத்தப்பட்டது அந்தக் கைத்தண்ணிதான்.

பருவம் கெட்டால் எல்லோருக்கும் ஒன்றுபோல் கெடாது என்பதை நமக்கு விஞ்ஞானிகள் வந்து சொல்ல வேண்டியதில்லை. கிணறு வற்றியபின் ஆயிரம் அடிக்குப் போர் போட்டவனிடம் தண்ணி இருக்கிறது. காலனியில் குடம் வரிசையில் நிற்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியருக்கு அங்கே இன்னொன்றும் தெரியவந்தது, அய்யனார் கோயிலுக்குள் இந்த மக்களை விடுவதில்லை. அவரே அவர்களை உள்ளே கூட்டிப்போனார். தொட்டியும் கோயிலும் வெவ்வேறு விஷயமா? இயற்கை அன்னை என்று பேசுகிற மதம், அந்த அன்னையின் தண்ணியை யார் தொடலாம் என்று பட்டியல் வைத்திருக்கிறது.

கர்மவினை என்ற தத்துவத்தின் வேலையும் இதுதான். போன ஜென்மத்தில் செய்ததை இந்த ஜென்மத்தில் அனுபவிக்கிறாய் என்றால், இந்த ஜென்மத்தில் உன்னை அனுபவிக்க வைக்கிறவன் தப்பித்துக்கொள்கிறான். பருவநிலைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். வெயிலில் விழுந்து செத்த கூலிக்கு விதி. வெள்ளத்தில் போன குடிசைக்கு விதி. புகைபோக்கிக்கு மட்டும் விதி இல்லை, லைசென்ஸ் இருக்கிறது. சிலுவைக்காரர்கள் இதிலிருந்து தப்பியவர்கள் என்று நினைக்க வேண்டாம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவிலும் சாதிச் சுவர் எழுப்பியது நம் தமிழ்க் கிறிஸ்தவம். செத்தவனுக்கு ஆறடியைப் பொதுவாகக் கொடுக்காதவர்கள் பூமி நமது பொது வீடு என்று மடல் வாசிக்கிறார்கள்.

நொய்யல் பிறக்கிற வெள்ளியங்கிரி அடிவாரத்தில் ஈஷா யோகா மையம் இருக்கிறது. 2017-ல் அவர்கள் நதிகளை மீட்க 'மிஸ்டு கால்' கொடுக்கச் சொன்னார்கள். 2019-ல் 'காவேரி கூக்குரல்' என்று 242 கோடி மரம் நடும் திட்டம் அறிவித்தார்கள், விவசாயிகளின் சொந்த நிலத்தில். மரம் நடுவதை நான் குறை சொல்லவில்லை. சொந்த நிலத்தில் என்ற இரண்டு சொல்லைத்தான் சொல்கிறேன். நிலமில்லாதவன் எங்கே நடுவான்? 1890களில் வெள்ளைக்காரன் ஒதுக்கிய பஞ்சமி நிலத்தையே பறிகொடுத்தவன் எங்கே குழி தோண்டுவான்? சாயப்பட்டறையின் பெயரைச் சொல்லாமல் ஆற்றைக் காப்பாற்ற முடியுமா? ஒரு நம்பருக்கு அடித்துவிட்டு வைத்தால் கழுவிப் போகும் பாவம், நமக்குத் தெரிந்து இதுதான் முதல்.

5

இனி நம் ஆட்களிடம். தலித் இயக்கத்தில் சிலர் சொல்கிறார்கள், மரம் மட்டை ஆறு குளம் எல்லாம் மேல்சாதிக்காரனின் கவலை, வயிறு நிறைந்தவனின் கவலை, நமக்கு மொதல்ல மானம், சோறு, படிப்பு. இந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. கிராமத்தையும் பழமையையும் பொற்காலமாக்கும் சூழல்வாதம் நமக்கு ஆகாது. அந்தப் பொற்காலத்தில் நாம் கைத்தண்ணி குடித்தோம். ஆனால் விஷயத்தையே அவர்களிடம் விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத்தான் மேலே கணக்குச் சொன்னேன். நட்டஈட்டில் நாம் இல்லை. மரத்திட்டத்தில் நாம் இல்லை. சேறு அள்ளுவதில் மட்டும் இருக்கிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் நிவாரண முகாமிலும் குடிதண்ணியிலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மறந்துவிட்டோமா? இனி வரப்போகும் ஒவ்வொரு புயலும் வறட்சியும் அதே வரிசையில் நம்மை நிறுத்தப் பார்க்கும்.

இன்னும் சிலர், மதத்தை விட்டொழித்தால் போதும், இந்தப் பேச்சே வேண்டாம் என்கிறார்கள். நம் தெருவில் மாரியம்மனும் மதுரைவீரனும் இருக்கிறார்கள். தீச்சட்டி எடுக்கிற பெண்ணிடம் போய் உன் நம்பிக்கை பொய் என்று சொல்லிவிட்டு அவளோடு எந்தப் போராட்டமும் நடத்த முடியாது. நம்பிக்கை யாரிடம் கணக்குக் கேட்கிறது என்பதுதான் கேள்வி.

இதில் அம்பேத்கர் நமக்கு ஒரு வழி வைத்துப் போயிருக்கிறார். அவர் மறைந்தபின் 1957-ல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், சித்தார்த்தன் வீட்டை விட்டு ஏன் போனான் என்பதற்கு நாம் பாடப் புத்தகத்தில் படித்த காரணத்தை அவர் ஏற்கவில்லை. கிழவனையும் நோயாளியையும் பிணத்தையும் கண்டு பயந்து போனான் என்பது அவருக்கு நம்பும்படியாக இல்லை. அவர் சொல்லும் காரணம் தண்ணி. சாக்கியருக்கும் கோலியருக்கும் நடுவே ஓடிய ரோகிணி ஆறு. இரண்டு பக்கமும் அந்தத் தண்ணியில்தான் பாசனம். யார் முதலில் எடுப்பது என்று அடிதடி. சாக்கியர் சங்கம் போர் என்று தீர்மானித்தது. சித்தார்த்தன் எழுந்து நின்று, இரு பக்கமும் ஆள் வைத்து விசாரித்துப் பேசித் தீர்ப்போம் என்றான். பெரும்பான்மை கேட்கவில்லை. போருக்கு வரமாட்டேன் என்று சொன்னதற்காக ஊரை விட்டுப் போனான். ஒரு மதத்தின் முதல் அடி ஆற்றுத் தண்ணியைப் பங்கு போடும் கேள்வியிலிருந்து எடுத்து வைக்கப்பட்டது என்கிறார் அம்பேத்கர். இதை எழுதியவர் 1927 மார்ச் 20 அன்று மகத்தில் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணி அள்ளிக் குடித்தவர். போன ஜென்மத்துக் கர்மத்தை அவர் தம்மத்திலிருந்து வெளியே தள்ளியதும் இதே காரணத்துக்காகத்தான். ஏழையின் துன்பத்துக்கு ஏழையையே பொறுப்பாக்கும் எந்தப் போதனையும் அவருக்குத் தம்மம் அல்ல.

6

எனவே மதங்களிடம் நாம் கேட்க வேண்டியது மரக்கன்று அல்ல.

அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில்களுக்கு ஏறத்தாழ 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. சபைகளுக்கும் ஆதீனங்களுக்கும் தனியாக. பூமிமேல் உண்மையிலேயே பொறுப்பு உண்டு என்றால், அதில் சாகுபடிக்கு ஆகும் நிலத்தை நிலமற்ற தலித் பெண்களின் குழுக்களுக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விடுங்கள். அவர்கள் நடட்டும் மரத்தை.

கோயில் கிணறும் தெப்பக்குளமும் கோடையில் காலனிக்கும் திறக்கட்டும். நன்கொடைக் கல்வெட்டில் பெயர் பொறிக்கும் முன், அந்த ஆலையின் கழிவு எங்கே போகிறது என்று திருப்பணிக் குழு கேட்கட்டும். பிரசங்கத்தில் 'நாம் பாவம் செய்தோம்' என்பதை விட்டுவிட்டு, யார் செய்தது, எவ்வளவு, யாருக்கு என்று சொல்லட்டும்.

அரசிடமும் கேட்க இருக்கிறது. 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு-அவினாசித் திட்டம் திறக்கப்பட்டது. பவானியின் உபரி நீர் ஒன்றரை டி.எம்.சி., மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு. எங்கள் பக்கத்து ஊர்களுக்கும் அறுபது வருடக் கனவு. தண்ணி குட்டைக்கு வந்தால் அதோடு மீன் குத்தகை வருகிறது, வண்டல் மண் வருகிறது, கரைப் புல் வருகிறது, சுற்றிலும் கிணறு ஊறுகிறது. இவற்றில் காலனிக்கு என்ன பங்கு என்று எந்தக் கோப்பில் எழுதியிருக்கிறது? ஏலம் ஊருக்குள் பேசி முடிந்த பிறகு, குட்டைக்குள் சீமைக் கருவேல முள்ளை வெட்டப் போவதற்கு மட்டும் நமக்குச் சொல்லி அனுப்புவார்களா? ஒவ்வொரு குட்டைக்கும் இந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டுக் கிராமசபையில் பதிவு செய்ய வேண்டும். அடுத்த முறை ஆறோ குளமோ கெட்டு நட்டஈடு கணக்கிடும்போது, பட்டாவோடு கூலியையும் எண்ண வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரில் இந்தக் கோடையில் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணி வந்தது, எந்தக் கோயிலுக்கு எந்த ஆலை எவ்வளவு கொடுத்தது, எந்தக் குட்டையின் மீன் யாருக்கு ஏலம் போனது என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்கள். ஊர் பெயரோடு, தேதியோடு. கொடும்பாவிக்குப் பெயர் கிடையாது என்று இத்தனை காலம் சொல்லி வந்தார்கள். நோட்டில் பெயர் எழுதிவிட்டால் வைக்கோலை எரிக்க வேண்டிய வேலை இல்லை.